ஆயுத பூஜைக்குக் கழுவிய கீபோர்டு

தம்பி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடி வைக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலோர இடம் உங்களுடையது, பெட்டியும் உங்களுடையது. ஆனால் அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. பஸ் ஆட்டத்தினால் இல்லை. நான் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஆள் கிடையாது. அந்தக் கட்டைகளைப் பார்த்தால்தான் குமட்டுகிறது. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர். சீ! அதோ, அந்த நீளக் கட்டைக்குப் பக்கத்தில் மிக்சர் ஓமப்பொடி கிடக்கிறது பாருங்கள். வெளியே தெரிவதே இவ்வளவு என்றால் உள்ளே என்னென்ன இருக்கும்? எனக்குத் தெரியும். நான் திறந்து பார்த்தவன்.

மூடிவிட்டீர்கள். நல்லது. நல்ல பிள்ளை. என் மகனாக இருந்தால் மூடியிருக்க மாட்டான்.

நான் இன்றைக்கு மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். எட்டயபுரத்தில் என் மகள் இருக்கிறாள். இனிமேல் அங்கேதான். அருப்புக்கோட்டை மண்ணை மிதிக்க மாட்டேன். விஜயதசமி அன்றைக்கு ஒரு மனிதன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வருகிறான் என்றால் அவன் வயிறு எப்படி எரிந்திருக்கும்? எல்லாம் ஒரு கீபோர்டினால். சொல்கிறேன், கேளுங்கள். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். என் பக்கம்தான்.

என் மகன் முனீஸுக்கு மில்லில் வேலை. அந்த மில்லில் போன் எடுத்துப் பேசுகிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். செண்பகம் என்று பேர். அவளைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். அவளுக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே தெரியாது. நான் முடியாது என்றேன். அவன் கோவிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டு வாசலில் வந்து நின்றான். என் பெண்டாட்டி ராக்காயி ஆலத்தி எடுத்து உள்ளே கூப்பிட்டாள். என்னைக் கேட்காமல் கூப்பிட்டாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ராக்காயி செத்துப்போய்விட்டாள். ஆனாலும் மறக்கவில்லை.

பிறகு மில்லில் அந்தப் போன் வேலையை எடுத்துவிட்டார்கள். இவள் வீட்டோடு இருந்தாள். நான் ஒருநாள் மகளிடம் போனில் பேசும்போது, "வேலைக்குப் போறவள்னு சொன்னான், இப்போ உக்காந்து சாப்பிடுறா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து அறையில் இருந்திருக்கிறாள். கண் தெரியாதவர்களுக்குக் காது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? அதற்கப்புறம் அவள் என் எதிரில் சாப்பிட்டதே இல்லை. நான் சாப்பிட்டு எழுந்து, கை கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தட்டை எடுப்பாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சரி, அதை விடுங்கள். முனீஸ் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். அவள் தட்டினால் அது பேசும். என்ன எழுத்து, என்ன சொல், எல்லாம் சொல்லும். அப்புறம் மதுரையில் ஒரு கம்பெனி. மீட்டிங்கில், கோர்ட்டில், ஆஸ்பத்திரியில் யாராவது பேசியதைப் பதிவு பண்ணி அனுப்புவார்களாம். காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே எழுத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அதற்கு ஒரு பரீட்சை. கம்ப்யூட்டர் வழியாகவே நடத்துவார்களாம். எந்த நாள் வேண்டுமானாலும் சரி என்றார்களாம். முனீஸ்தான் விஜயதசமி கேட்டு வாங்கினான். நல்ல நாள், தொட்டது துலங்கும் என்று. அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டே பாடம் மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மடியில் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். சாம்பார் கொதிக்கும்போதும் தட்டுவாள்.

"இதுல தேறிட்டா நானும் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடலாம்" என்று முனீஸிடம் சொன்னதை நானே கேட்டேன். எனக்கும் காது இருக்கிறது.

இப்போது கீபோர்டுக்கு வருகிறேன்.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. லாரி நம்பர் பிளேட்டிலும் சாக்கு மூட்டையிலும் பார்த்துப் பார்த்து வந்தது. மளிகைக் கடை வைத்திருந்தேன். ஏ, பி, சி, டி வரிசை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கீபோர்டைப் பார்த்தேன். ஏ எங்கே? நடு வரிசையில் ஓரத்தில் கிடக்கிறது, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி. பி எங்கே? கீழே, எங்கேயோ. ஏக்கும் பிக்கும் என்ன பகை? மேல் வரிசையில் முதல் ஆளாகக் க்யூ உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கொண்டு யாருக்கு என்ன உபயோகம்? என் கடைக்கு வந்த எந்த மூட்டையிலும் நான் க்யூவைப் பார்த்ததில்லை.

முனீஸைக் கேட்டேன். "ஏண்டா இப்படிக் கலைச்சுப் போட்டு வச்சிருக்கான்?"

"அது அப்படித்தாம்ப்பா. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் பூரா முட்டாப்பயலா இருந்தா நீயும் இருப்பியா?"

"கைப்பழக்கத்துக்கு அப்படி வச்சிருக்காங்கப்பா. பழகிட்டா கண்ணை மூடிட்டு அடிக்கலாம்."

கைப்பழக்கமாம். கைப்பழக்கத்தைப் பற்றி என்னிடம் சொல்கிறான்! என் கடைக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். சீனி, பருப்பு, புளி எல்லாம் இடுப்பு உயரத்தில். ஏனென்றால் அதுதான் ஓடும். கசகசாவும் சாதிக்காயும் மேலே, ஸ்டூல் போட்டு எடுக்கிற இடத்தில். திரும்பிப் பார்க்காமல் எடுத்துப் பொட்டலம் கட்டுவேன். இதே முனீஸ், நான் ஒரு தடவை பழனிக்குப் போயிருந்தபோது, அப்பாவுக்கு உதவி பண்ணுகிறேன் என்று கடையையே பிரித்து, அ, ஆ, இ, ஈ வரிசையில் அடுக்கிச் சீட்டு ஒட்டி வைத்தான். அரிசிக்குப் பக்கத்தில் அப்பளம், உளுந்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தி! நான் வந்து புளிக்குக் கை நீட்டினால் கையில் பினாயில் வருகிறது. வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த பொங்கல் வரை நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடை வேறு, கீபோர்டு வேறு. கடையில் நான் வைத்ததுதான் ஒழுங்கு. கீபோர்டில் எவனோ வைத்தது எப்படி ஒழுங்காகும்?

நேற்று ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாச் சாமானையும் கழுவ வேண்டும். தராசு, படிக்கல், அரிவாள்மனை, முனீஸின் சைக்கிள் பம்பு வரைக்கும். சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. ராக்காயி இருந்தவரை அவள் செய்தாள். இப்போது நான். அவர்கள் இரண்டு பேரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். எல்லாவற்றையும் கழுவி முடித்தேன். இந்தக் கீபோர்டு மேஜைமேல் கிடந்தது. இதுவும் ஒரு ஆயுதம்தானே, அழுக்காக இருந்தால் சாமி முன்னால் எப்படி வைப்பது என்று ஒரு ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு கட்டை பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

அதன் அடியில் பார்த்தேன் தம்பி. ஐயோ! முடி. சுருட்டை முடி, நீள முடி. நகத்துண்டு. முறுக்குத் தூள். செத்த எறும்பு. ஒரு கரப்பான் கால். கரப்பானைக் காணோம், கால் மட்டும் இருந்தது. இதன்மேல் விரலை வைத்துத் தட்டிவிட்டு அதே கையால் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கரண்டிக் காம்பை விட்டு ஒவ்வொன்றாக நெம்பினேன். எழுத்துக் கட்டை எல்லாம் வந்தது. சீயக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து, சல்லடையில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். எல்லாம் வெண்டைக்காய் விதை மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது.

இரண்டு கட்டை மட்டும் சரிவரவில்லை. எஃப், ஜே. அந்த இரண்டிலும் எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. காய்ந்த சோற்றுப் பருக்கையாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. சவரம் பண்ணுகிற பிளேடை எடுத்து வந்து வழித்தேன். விடுவேனா? தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கிற வரைக்கும் வழித்தேன்.

திரும்ப மாட்டும்போது பழைய குப்பை வரிசையில் எதற்கு மாட்ட வேண்டும்? எது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகமும் இல்லை. மேலே ஏயிலிருந்து ஜே வரை. நடுவில் கே முதல் எஸ் வரை. கீழே மிச்சம். கணக்காக உட்கார்ந்தது. ஒரு கட்டைகூடக் கூடவில்லை, குறையவில்லை. அப்படியென்றால் அதற்கு உரிய இடம் அதுதான் என்று அர்த்தம். கண் தெரியாதவளுக்கு எந்த எழுத்து எங்கே இருந்தால் என்ன? தெரிந்தவர்கள் பார்த்தால் நாலு பேர் மெச்சுவார்கள். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். புதுத் துண்டில் சுற்றி, தராசுக்குப் பக்கத்தில் சாமி முன்னால் வைத்தேன். அவளுடைய சாமான் எதற்கும் நான் அதுவரை பொட்டு வைத்ததில்லை. அழுக்கு போக வேண்டும் என்றுதான் இதையும் எடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

இன்றைக்குக் காலையில் கற்பூரம் காட்டி, துண்டோடு எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"சந்தனம் வாசம் வருதே. யாரு வச்சது?"

"நான்தான்."

அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டு, என் குரல் வந்த பக்கமாகத் தலையைக் குனிந்தாள். "ரொம்ப சந்தோஷம் மாமா" என்றாள். பெரிய சந்தோஷம். அரை மணி நேரம்கூட நிற்காத சந்தோஷம்.

முனீஸ் மேஜைக்கு அடியில் படுத்து ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்தாள். விரல்களை வைத்தாள். ஏதோ தேடுவது மாதிரி தடவினாள். "என்னங்க, இது..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கம்ப்யூட்டரில் ஒரு அம்மா வந்துவிட்டாள். மதுரைக் கம்பெனிக்காரி. "ரெடியாம்மா? முதல்ல ஒரு சின்னப் பாரா, பழக்கத்துக்கு. கேட்டுக்கிட்டே அடிங்க" என்றாள். இவள் காதில் மாட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். அடியென்றால் அடி, மழை பெய்கிற மாதிரி. காதில் அந்தப் பேச்சு ஓடுவதால் கம்ப்யூட்டரைப் பேச வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தாளாம். தான் என்ன அடிக்கிறோம் என்று அவளுக்கே கேட்கவில்லை.

முடித்தாள். அடித்ததை அந்த அம்மா அங்கே படித்தாள். அப்புறம், "என்ன பாஷைம்மா இது? ஒரு வார்த்தைகூடத் தமிழா இல்லையே" என்றாள்.

முனீஸ் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து கீபோர்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யாரு இதைக் கழட்டினது?"

"நான்தான். எவ்வளவு அழுக்கு தெரியுமா? கரப்பான் கால்..."

"எஃப்லயும் ஜேலயும் கோடு இருக்குமே, எங்கப்பா?"

"அந்த அழுக்கா? வழிச்சுட்டேன்."

"அது அழுக்கு இல்லப்பா! அடையாளம்ப்பா! அதைத் தொட்டுத்தான் அவ கை வைக்கிற இடம் தெரியும்! ஒரு கட்டை தள்ளி வச்சா அத்தனையும் தப்பா விழும்!"

"அடையாளம்னா எழுதி ஒட்டணும். சோத்துப் பருக்கை மாதிரி இருந்தா யாருக்குடா தெரியும்?"

கத்தினான். என்னென்னவோ கத்தினான். கம்ப்யூட்டரில் அந்த மதுரைக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வெட்கம் கெட்டவன். செண்பகம்தான் கையைக் காட்டி அடக்கினாள். "மேடம், ஒரு சின்னப் பிரச்சினை. கொஞ்ச நேரம் கொடுங்க" என்று கேட்டாள். அந்த அம்மா, "சீக்கிரம்மா, அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

முனீஸ் ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கி மாட்டப் போனான். அவள் தடுத்தாள். "எழுத்து எது வேணா இருக்கட்டுங்க. எனக்கு எழுத்து எதுக்கு? மேல மூடி மாறினாலும் உள்ள விழுற எழுத்து மாறாது. இடத்துக்கு ஏதாவது ஒட்டுங்க, விரல்ல தட்டுற மாதிரி." ஓரத்திலிருந்து எண்ணி, அந்த இரண்டு இடத்தையும் அவளே பிடித்தாள். கை நகராமல் இருந்தால் பரவாயில்லையாம். ஆனால் நடுவில் வேறு கட்டைக்குப் போய்த் திரும்பினால் மறுபடி எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தால் பேச்சு ஓடிவிடும்.

என்ன ஒட்டுவது? அவள் பொட்டுச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னாள். எல்லாம் வெல்வெட்டுப் பொட்டு. விரலில் தட்டவில்லை. அப்புறம் அவள் என்ன செய்தாள் தெரியுமா? நெற்றியில் கை வைத்தாள். நல்ல நாள் என்று கல் வைத்த பொட்டு வைத்திருந்தாள். அதைப் பிய்த்து ஒரு கட்டையில் ஒட்டினாள்! விஜயதசமி, புருஷன் பக்கத்தில் நிற்கிறான், கட்டினவள் பொட்டைப் பிய்த்து ஒரு கரப்பான் பெட்டியில் ஒட்டுகிறாள். "அடி, என்ன காரியம் பண்றே?" என்றேன். "ஒண்ணு போதாதுங்க, இன்னொண்ணு வேணும்" என்கிறாள், அவன் பக்கம் திரும்பி. நான் சொன்னது காதிலேயே விழவில்லை.

அவன் அங்கேயும் இங்கேயும் பார்த்தான். நேராக என் அறைக்குள் போனான்.

தம்பி, என் அறையில் ஒரு பீரோ. அதில் கண்ணாடி. ராக்காயி தலை முழுகும்போது பொட்டை எடுத்து அதில் ஒட்டி வைப்பாள். எல்லாப் பொம்பளைகளும் செய்வதுதான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கும் ஒட்டிவிட்டுப் போனாள். சிவப்பு, நடுவில் ஒரு கல். வந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் ஒட்டியிருப்பாள். அது அங்கேயே இருந்தது. நான் கண்ணாடி துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன். அதில் தூசி படிந்திருந்தது. அந்த ஒரு தூசியை மட்டும் நான் துடைத்ததில்லை.

அதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டான்.

"டேய், அது உங்க அம்மாவோடதுடா!"

"தெரியும்ப்பா."

தெரியுமாம். தெரிந்தே எடுத்திருக்கிறான். செண்பகம் கையை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள். "அத்தையோடதா? வேண்டாங்க. நான் எண்ணியே அடிச்சுக்கிறேன்" என்றாள். அவன் கேட்கவில்லை. அவள் விரலைப் பிடித்து இடம் பார்த்து, கட்டையில் வைத்து அமுக்கிவிட்டான். அந்த மதுரைக்காரி, "ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

அப்புறம் அவள் அடித்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். பேச்சு ஓட ஓட அடித்தாள். கை எங்கே போனாலும் திரும்ப வந்து அந்தப் பொட்டின்மேல்தான் உட்காருகிறது. தொட்டுவிட்டுப் போகிறது, வருகிறது, தொடுகிறது. ராக்காயி நெற்றியை யாரோ தட்டிக்கொண்டே இருப்பது மாதிரி இருந்தது எனக்கு. பார்க்க முடியவில்லை. உள்ளே போய்ப் பையில் இரண்டு வேட்டியைத் திணித்தேன். முடிவைச் சாயங்காலம் போனில் சொல்கிறோம் என்று அந்த அம்மா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. யார் காத்திருப்பார்கள்? வந்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள். சுத்தம் பண்ணினது தப்பா? ஒழுங்காக அடுக்கினது தப்பா? பொட்டு வைத்தது தப்பா? நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் மிக்சரைப் பார்த்ததுமே நீங்கள் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

போன் அடிக்கிறது. என்னுடையதுதான். முனீஸ் என்றுதானே வருகிறது? நான் எடுக்க மாட்டேன். அடித்து ஓயட்டும்.

ஓயவில்லையே. நீங்கள் எடுங்கள் தம்பி. தூங்குகிறார் என்று சொல்லுங்கள்.

யார், அவளா? என்ன கேட்கிறாள்? கண்ணாடியில் பொட்டு இருந்தது எந்த இடம் என்றா? திரும்ப ஒட்டப் போகிறாளாமா? தடவிப் பார்த்தாளாமா? இரண்டு இடத்தில் பசை தட்டுகிறதாமா? முனீஸுக்குத் தெரியாதா, அவன்தானே பிடுங்கினான்? ஞாபகம் இல்லையா? கண் இருந்தும் என்ன பிரயோசனம்! மேலே இருப்பது நான் காலண்டர் படம் ஒட்டினது. கீழே, இடது ஓரம் என்று சொல்லுங்கள். ராக்காயி குள்ளம். அவளுக்கு எட்டுகிற இடம் அதுதான்.

தூங்குகிறவர் எப்படிச் சொன்னார் என்று கேட்கிறாளா? கேட்கட்டும்.

இருங்கள், இருங்கள். அது திரும்ப ஒட்டாது என்று சொல்லுங்கள். எத்தனை வருஷத்துப் பசை. ஒரு தடவை பிய்த்தது பிய்த்ததுதான். சோற்றுப்பசை கீசை வைக்கப் போகிறாள், வைக்கக் கூடாது, எறும்பு வரும். அந்தக் கட்டையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லுங்கள். எறும்பு வரும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

அழுகிறாளா? எதற்கு? போனை வைத்துவிடாதீர்கள் தம்பி. அந்தப் பரீட்சை என்ன ஆயிற்று, மதுரையிலிருந்து போன் வந்ததா என்று கேளுங்கள். நீங்களாகக் கேட்பது மாதிரி கேளுங்கள். நான் கேட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்.